சரக்கு: ஒரு தங்கை, ஒரு சைக்கிள்

பெருமாநல்லூர்
12.9.1993

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை மாரக்காள் எழுதுவது.

இங்கே நானும் மாடு கன்றும் நல்ல சுகம். உங்கள் மாப்பிள்ளை முக்கால்வாசி சுகம். மீதியைக் கீழே சொல்கிறேன். நீங்களும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? கல்கத்தாவில் மழை விட்டதா?

எங்கள் கம்பெனியும் பக்கத்துக் கம்பெனிகள் மூன்றும் சேர்ந்து, பொங்கல் முடிந்ததும் திருப்பூரிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் சைக்கிளில் போகிறோம். இளம்பிள்ளை வாதம் வந்து நடக்க முடியாதவர்களுக்குக் கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி வாங்கித் தரத்தான் இந்தப் பாடு. ஓட்டுகிறவர் பேரில் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஆட்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓட்டி முடித்த தூரத்துக்குத்தான் கொடுப்பார்கள். எங்கள் லைன் டெய்லர்கள் கிலோமீட்டருக்கு ஒரு டஜன் பனியன், ஷிப்ட் முடிந்த பிறகு சும்மா தைத்துத் தருகிறார்கள். துணி முதலாளி உபயம்.

இதற்குப் பேர் கொடுத்தது உங்கள் மாப்பிள்ளை லிங்கசாமி. முதல் நாள் பயிற்சியிலேயே, சந்தைக் கூட்டத்துக்கு முன்னால் கையை விட்டு ஓட்டிக் காட்டினார். நேரே போய்ப் பஞ்சுக் கழிவு ஏற்றிய தள்ளுவண்டி மேல் விழுந்தார். மெத்தை மாதிரி இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியா, ஒண்ணுமே ஆகுல" என்று சிரித்துக்கொண்டே கீழே குதித்தார் பாருங்கள், அப்போது கணுக்கால் முறிந்தது. இரண்டு மாதம் மாவுக்கட்டு.

ஆகவே நான் போகிறேன். பஸ்ஸில் தொங்க முடியாமல் இரண்டு வருஷமாக வேலைக்குச் சைக்கிளில்தானே போய் வருகிறேன், போக பத்து, வர பத்து. நீங்கள் அங்கே படா பஜாரில் பனியன் வாங்குகிற சேட்டுகளிடம் என் பேரில் கொஞ்சம் எழுதி வாங்கித் தர வேண்டும். எனக்காக இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து பிசிர் வெட்டுகிற முத்துப்பேச்சிக்காக. சாத்தூர்ப் பக்கத்துப் பெண், பத்தொன்பது வயது, இரண்டு காலும் வராது. அவள் அப்பா சீனிச்சாமி எங்கள் அயர்ன் மாஸ்டர். தினம் அவளைக் கேரியரில் வைத்துக் கொண்டுவந்து, தூக்கி உள்ளே உட்கார வைப்பார். காலுக்கும் சேர்த்து அவளுக்கு வாய் வேலை செய்யும். வண்டி வேண்டியவர்கள் பட்டியல் எழுதுவதும் அவள்தான். தன் பேரைக் கடைசியில் போட்டிருக்கிறாள்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் தங்கை,
மாரக்காள்


கல்கத்தா
1.10.1993

அன்புத் தங்கை மாரக்காளுக்கு அண்ணன் மயில்சாமியின் ஆசிகள்.

இங்கே சுகம். மழை இன்னும் விடவில்லை. எங்கள் குடோனில் பனியன் பேல் மூட்டைகளுக்கு நடுவே தவளை இருக்கிறது. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். கையை விட்டு ஓட்டுவதற்கு முன் இறங்கப் பழக வேண்டும் என்றும் சொல்.

உன் கடிதத்தை உன் அண்ணி இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. முப்பத்தாறு வயதில் நானூறு கிலோமீட்டரா? நடுவழியில் உனக்கு ஒன்று என்றால் இங்கிருந்து நான் வந்து சேர மூன்று நாளாகும். அண்ணி சொன்னாள், "அவ உங்களக் கேக்கலீங்க, சொல்றா. போயிக் காசு வாங்கீட்டு வாங்க." சரி, வாங்கி வருகிறேன்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டு. டயரில் காற்றைப் பார்த்துக்கொள். சீட்டுக்கு மேலே ஏதாவது மெத்தென்று கட்டிக்கொள். இதெல்லாம் இங்கே தபால்காரரிடம் கேட்டு எழுதுகிறேன். எனக்குச் சைக்கிளைத் தள்ளத்தான் தெரியும் என்பது உனக்குத் தெரியாததா?

அன்பு அண்ணன்,
மயில்சாமி


பெருமாநல்லூர்
24.10.1993

அன்பு அண்ணனுக்கு,

சுகம். அண்ணியின் முட்டுவலி தேவலையா? எனக்கு இப்போது முட்டுவலி, இடுப்புவலி, இன்னும் எழுத முடியாத இடத்தில் எல்லாம் வலி.

முதல் ஞாயிறு அவிநாசி போய் வந்தேன். கோயிலில் சாமி கும்பிட்டுத் திரும்பியதும் பயிற்சி மாதிரியே தெரியவில்லை, உறம்பரை வீட்டு விருந்துக்குப் போய் வந்த மாதிரி இருந்தது. அடுத்த ஞாயிறு சாமளாபுரம். போகும்போது எதிர்க்காற்று. திரும்பும்போதும் எதிர்க்காற்று. காற்று எப்போது திரும்பியது என்று கடவுளுக்குத்தான் தெரியும். விசைத்தறிக்காரர்கள் வெளியே வந்து, "ஏனுங்கக்கா, பஸ்ஸு போயிருச்சுங்களா?" என்று கேட்டார்கள். சேலைக்கு மேலே அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போகிறவளைப் பார்த்து வேறென்ன கேட்பார்கள்?

மொத்தம் பதினான்கு பேர் போகிறோம். பெண் நான் ஒருத்திதான். போன வாரம் கோபி வரைக்கும் போனோம். பாதியில் காலைத் தரையில் ஊன்றி நின்று, வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அழுகையும் வந்தது. அப்போது பின்னால் வந்த பையன்கள் மூன்று பேர் என்னைவிட மோசமாக மூச்சு வாங்கினார்கள். அதைப் பார்த்ததும் தெம்பு வந்துவிட்டது.

உங்கள் மாப்பிள்ளை வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு எனக்குப் பயிற்சி கொடுக்கிறார். ஒரு விசில் வாங்கி வைத்திருக்கிறார். நான் தெருவில் திரும்பினால் ஒரு விசில், வந்து சேர்ந்தால் இரண்டு. நடுவில் காப்பி வேண்டுமென்றாலும் விசில்தான்.

முத்துப்பேச்சி தினமும் என் கையைப் பிடித்துப் பார்த்து, "காப்புக் காய்ச்சிருச்சாக்கா?" என்று கேட்கிறாள். காய்ச்சிவிட்டது. சேட்டுகள் விஷயம் என்ன ஆயிற்று?

மாரக்காள்


கல்கத்தா
22.11.1993

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் மிகவும் சுகம், ஏனென்றால் சந்தோஷம். இருபத்திரண்டு பேர்! ஆமாம், இருபத்திரண்டு சேட்டுகளும் உன் பேரில் கையெழுத்துப் போட்டாயிற்று. ஆளுக்குக் கிலோமீட்டருக்கு நாலணா. நாலணாவா என்று நினைக்காதே. பெரிய சேட்டின் கணக்கப்பிள்ளை கூட்டிப் பார்த்து, ஐந்து வண்டிக்கு வரும் என்கிறார்.

எழுதி வாங்க நல்ல தாள் இல்லாமல் தவித்தேன். கடைசியில் லாரி ஆபீசில் புதிதாக அச்சடித்து மிச்சம் கிடந்த புக்கிங் ரசீதுப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தேன். தினமும் பேல் வந்தால் அவர்கள் கையெழுத்துப் போடுகிற அதே தாள்தான். பழக்கதோஷத்தில் மறுபேச்சில்லாமல் போட்டுவிட்டார்கள். 'சரக்கு' என்கிற இடத்தில் 'என் தங்கை, ஒரு சைக்கிள்' என்று எழுதினேன். 'எடை' என்கிற இடத்தைக் காலியாக விட்டுவிட்டேன். உன் அண்ணிக்கு அது மட்டும் பிடித்தது.

பெரிய சேட் உனக்காக ஒரு கம்பளிச் சட்டையும், மழைக்கோட்டும், கால் தேய்க்கக் கடுகெண்ணெயும் கொடுத்தார். பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நீ மீன் சாப்பிடுவாயா என்றும் கேட்டார். எதற்கென்று எனக்கும் விளங்கவில்லை. பெரிய மனிதர் கேட்டால் பதில் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான்.

மாப்பிள்ளைக்குக் கட்டுப் பிரித்தாயிற்றா?

அன்புடன்,
மயில்சாமி


கல்கத்தா
8.1.1994
(அஞ்சல் அட்டை)

அன்புத் தங்கைக்கு. சுகம், சுகமறிய ஆவல். உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. வேலை அதிகம், அதனால் பதில் போடவில்லை. பயணம் நல்லபடியாக முடியட்டும். பார்த்துப் போ. வேறு விசேஷம் இல்லை. மயில்சாமி.


பெருமாநல்லூர்
28.1.1994

அன்புள்ள அண்ணனுக்கு,

முழு உடம்போடு வந்து சேர்ந்துவிட்டேன். போய்விட்டோம் அண்ணா! நானூற்று முப்பத்திரண்டு கிலோமீட்டர், ஆறு நாள். பதினான்கு பேரில் பன்னிரண்டு பேர் முடித்தோம். திரும்பும்போது சைக்கிளையும் எங்களையும் ஒரே லாரியில் ஏற்றி வந்தார்கள்.

எதைச் சொல்ல, எதை விட? தாராபுரம் தாண்டும் வரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டு போனோம். ஒட்டன்சத்திரத்தில் பாட்டு நின்றது. திண்டுக்கல்லில் பேச்சும் நின்றது. மதுரைக்கு அப்புறம் கால் தானாகவே மிதிக்க ஆரம்பித்துவிட்டது, நான் சும்மா மேலே உட்கார்ந்திருந்தேன். சாத்தூரில் முத்துப்பேச்சியின் சொந்தக்காரர்கள் முப்பது பேர் ரோட்டோரம் காத்திருந்தார்கள். ஒரு கிழவி என் முகத்தைத் துடைத்துவிட்டு, ஒரு பொட்டலம் காராச்சேவைச் சட்டைப் பைக்குள் திணித்து, "எம் பேத்திக்காக மிதிக்கவளா நீ?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

கன்னியாகுமரியில் கடலைப் பார்த்ததும் எல்லோரும் ஓடினார்கள். நான் சைக்கிளோடு உள்ளே இறங்கிவிட்டேன். செயின் துருப்பிடிக்கும் என்று இப்போது இவர் விசிலடிக்கிறார். கட்டுப் பிரித்துக் கால் சரியாகிவிட்டது. விசில் மட்டும் போகவில்லை.

இப்போது ஒரு விஷயம். இங்கே எழுதிக் கொடுத்தவர்கள் எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு வண்டிக்கு ஆயிற்று. கல்கத்தாவில் ஐந்து என்று நீங்கள் எழுதியதால் பட்டியலில் பதினேழு பேர் இருக்கிறார்கள். பதினேழாவது முத்துப்பேச்சி. அவள் நேற்று விரலை விட்டுக் கணக்குப் போட்டுவிட்டு, "அக்கா, இருபத்திரண்டு பேரு, நாலணா, நானூத்தி முப்பத்திரண்டு கிலோமீட்டர். ஒரு வண்டிதான வரும்? அஞ்சு எப்பிடி வரும்?" என்றாள். கணக்கப்பிள்ளை தப்பாகக் கூட்டிவிட்டாரா? கன்னியாகுமரி போகிறவளுக்கு எதற்குக் கம்பளிச் சட்டை என்றும் எனக்கு விளங்கவில்லை. உங்கள் அஞ்சல் அட்டையில் நீங்கள் ஏழு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? மறைக்காமல் எழுதுங்கள்.

மாரக்காள்


கல்கத்தா
9.2.1994

அன்புத் தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. புத்திக்குத்தான். உட்கார்ந்து படி, மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்.

அந்த ரசீதுப் புத்தகம் சொன்னேனே, அதன் தலையில் என்ன அச்சடித்திருக்கும்? புறப்படும் இடம்: திருப்பூர், போய்ச் சேரும் இடம்: கல்கத்தா. பதினைந்து வருஷமாக அதை நான் பார்க்கிறேன். பார்த்துப் பார்த்து, அது என் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. சேட்டுகளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் வாயால் கன்னியாகுமரி என்றுதான் சொன்னேன். வழியில் அதுவும் ஒரு ஊர் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. அவர்கள் நாலணா எழுதியது நீ கல்கத்தாவுக்குச் சைக்கிளில் வருகிறாய் என்று. கணக்கப்பிள்ளை சரியாகத்தான் கூட்டினார். இரண்டாயிரத்து நூறு கிலோமீட்டர், ஐந்து வண்டி.

டிசம்பரில் பெரிய சேட் கூப்பிட்டு, "உன் தங்கச்சிக்கு மாலை எங்கே சொல்லலாம், ஹவுரா பாலத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?" என்று கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். நான், "இந்தப் பக்கமே சொல்லலாங்க சேட்ஜி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னைக் கேட்காதே. அன்றிலிருந்து படா பஜாரில் யாரைப் பார்த்தாலும், "தங்கச்சி எங்கே வருது?" என்கிறார்கள். நேற்று ஒருவருக்கு நெல்லூர் என்று சொன்னேன்.

உன் அண்ணியிடம் இன்றைக்குத்தான் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். எழுந்து போய்விட்டாள். ஒரு வண்டிக்கான காசை மட்டும் உண்மையைச் சொல்லி வாங்கி அனுப்பட்டுமா? இல்லை, இப்படியே வருகிறாள் வருகிறாள் என்று சொல்லி ஐந்தையும் வாங்கிவிடட்டுமா? தப்புதான். ஆனால் அந்தப் பெண்ணின் பேர் கடைசியில் இருக்கிறது என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெட்கத்துடன்,
மயில்சாமி


பெருமாநல்லூர்
20.2.1994

அண்ணனுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. முதலில் அண்ணிக்கு என் நமஸ்காரம். அவர் உங்களுக்கு இரண்டு நாள் காப்பி கொடுக்காமல் இருந்தால் நான் சந்தோஷப்படுவேன்.

பொய் சொல்லி வாங்குகிற வண்டி எங்களுக்கு வேண்டாம். இது நான் சொன்னதில்லை, முத்துப்பேச்சி சொன்னது. உங்கள் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டிவிட்டேன். நாலு பேருக்கு வண்டி கிடையாது, அதில் நீ ஒருத்தி என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் படித்தேன். ரசீது விஷயம் வந்ததும் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். மேஜைமேல் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்பா அயர்ன் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார், ஒரு பனியன் கருகிவிட்டது. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பதினாறோட நிறுத்திக்கிருவோம்க்கா" என்றாள். பதினாறு எங்கே வருகிறது, நீ போட்ட கணக்குப்படி பதிமூன்றுதான் வரும் என்று நான் சொன்னேன். அப்போதுதான் அவள் சிரிப்பு நின்றது. கத்தரியை எடுத்து வேலை செய்ய ஆரம்பித்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை அண்ணா.

சாயங்காலம் நான் சைக்கிளை எடுக்கும்போது கூப்பிட்டாள். "அக்கா, தெனம் எம்புட்டுத் தூரம் மிதிக்கீக?" இருபது என்றேன். "அது ரோடு இல்லையா? அதுவும் ரோடுதான?" என்றாள். பிறகு லாரி டிரைவர் ஒருவரிடம் கேட்டு எழுதி வைத்திருந்த தாளை நீட்டினாள். நானூற்று முப்பத்திரண்டு ஓட்டியாயிற்று, அதனால் நான் இப்போது காஞ்சிபுரம் தாண்டி நிற்கிறேனாம். மீதியைத் தினம் இருபதாக மிதித்தால் எண்பத்து நாலாவது நாள் காலையில் கல்கத்தா.

நான் நாளைக்கே ஆரம்பிக்கிறேன். நீங்கள் அந்த இருபத்திரண்டு பேரிடமும் போய் நடந்ததைச் சொல்லுங்கள். ஒப்புக்கொண்டால் சரி. இல்லாவிட்டால் நான் வேலைக்குப் போய் வந்ததாக இருக்கட்டும், எனக்கு என்ன நஷ்டம்?

நெல்லூர் என்று சொல்லிவிட்டீர்கள். நான் இன்னும் மெட்ராசே போகவில்லை. என்னைக் கொஞ்சம் பின்னால் கூட்டி வாருங்கள்.

மாரக்காள்


கல்கத்தா
14.3.1994

அன்புத் தங்கைக்கு,

இப்போது சுகம். காப்பி மறுபடி கிடைக்கிறது. அண்ணி நிறுத்தியது இரண்டு நாள் இல்லை, பதினொரு நாள்.

சொல்லிவிட்டேன். பெரிய சேட்டின் கடையில் மற்றவர்களையும் கூட்டி உட்கார வைத்து, ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனேன். முடித்ததும் ஒருவர் தன் ரசீதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எடை போடலையே" என்றார். உடனே எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பெரிய சேட் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நாப்பது வருஷமா திருப்பூர் பேல் வாங்கறேன். ஒரு டஜன் குறைஞ்சா கேப்பேன். கூட இருந்தாலும் திருப்பிக் கொடுப்பேன். கிலோமீட்டரும் அப்படித்தான். எந்த ரோடுங்கிறது எனக்கு முக்கியமில்லை, தூரம் சரியா இருக்கணும். அவளுக்குப் பதிலா வேற யாரும் மிதிக்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் கம்பெனி கேட்டுல முத்திரை வேணும்." பிறகு என்னைப் பார்த்து, "நீ பொய் சொன்ன மூணு மாசத்துக்கு என்ன செய்யப் போறே?" என்று கேட்டார். பதிலையும் அவரே சொன்னார். தினமும் நீ எங்கே வந்திருக்கிறாய் என்று கடை கடையாகப் போய்ச் சொல்ல வேண்டுமாம், சரியாக. அதுதான் தண்டனை. காலையில் என் முதல் வேலை இப்போது அதுதான். முத்துப்பேச்சியிடம் சொல்லி ஊர்ப் பட்டியலை அனுப்பச் சொல். இனிமேல் நெல்லூரை நானாகச் சொல்லமாட்டேன்.

அன்புடன்,
மயில்சாமி


பெருமாநல்லூர்
22.4.1994

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

ஒரிசா எல்லையிலிருந்து எழுதுகிறேன்! ஐம்பது நாள் முடிந்தது. இங்கே வெயில் கொளுத்துகிறது, மற்றபடி எல்லோரும் சுகம்.

கட்டிங் மேஜைக்குப் பின்னால் சுவரில் பெரிய இந்திய வரைபடம் ஒட்டியிருக்கிறார்கள். முத்துப்பேச்சி கையில் குச்சியோடு உட்கார்ந்திருக்கிறாள். காலையில் நான் கேட்டுக்குள் நுழைந்ததும் வாட்ச்மேன் ரிஜிஸ்டரில் முத்திரை குத்துவார். உடனே அவள், "அக்கா ராஜமுந்திரி வந்தாச்சு, பாலத்துல பாத்து வாங்க" என்று சத்தம் போடுவாள். விசாகப்பட்டினம் வந்த அன்று டெய்லர்கள் எல்லோரும் காசு போட்டு முறுக்கு வாங்கினார்கள். எதற்கு என்று கேட்டால் கடலைப் பார்த்ததற்காம். பெருமாநல்லூர் ரோட்டில் நான் பார்த்ததெல்லாம் செங்கல் லாரிதான்.

ஒரே ஒரு வாரம் சங்கடமாகப் போய்விட்டது. காய்ச்சல் வந்து இரண்டு நாள் எழ முடியவில்லை. உங்கள் மாப்பிள்ளை என்னைக் கேட்காமல் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போய், "இன்னைக்கு அவளுக்குப் பதிலா நான் மிதிச்சுட்டு வந்தனுங்க, முத்திரை குத்துங்க" என்றிருக்கிறார். வாட்ச்மேனும் குத்தப் போய்விட்டார். உள்ளே இருந்து முத்துப்பேச்சி போட்ட சத்தத்தில் முத்திரைக்கட்டை கீழே விழுந்துவிட்டதாம். "எம் வண்டிக்குப் பொய்க் கிலோமீட்டர் ஒண்ணு கூட வேணாம் மாமா, நீங்க போய் அக்காளுக்குக் கஞ்சி வைங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். வந்து கஞ்சி வைத்தார். நன்றாகத்தான் இருந்தது.

படுத்துக்கொண்டு நினைத்தேன், இந்த ரோட்டில் இரண்டு வருஷமாகப் போகிறேன், ஒரு நாளும் இதைத் தூரம் என்று எண்ணியதில்லை. வேலைக்குப் போனேன், வீட்டுக்கு வந்தேன், அவ்வளவுதான். இப்போது என்னைப் பார்த்து இன்னும் ஆறு பெண்கள் சைக்கிளில் வருகிறார்கள். சாயங்காலம் நாங்கள் ஏழு பேரும் வரிசையாக வரும்போது டீக்கடைக்காரர் வெளியே வந்து, "கல்கத்தா மெயில் வருது, வழி விடுங்க" என்கிறார்.

பெரிய சேட்டுக்கு என் வணக்கம். கம்பளிச் சட்டையை என்ன செய்வது என்று கேட்டுச் சொல்லுங்கள்.

மாரக்காள்


கல்கத்தா
10.6.1994

அன்புத் தங்கைக்கு,

எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. உன் தந்தி ஜூன் இரண்டாம் தேதி மத்தியானமே வந்துவிட்டது. 'கல்கத்தா வந்து சேர்ந்தேன். மாரக்காள்.' தபால் ஆபீஸ்காரர் அதை என்னிடம் கொடுத்துவிட்டு, தந்தி திருப்பூரிலிருந்து வந்திருக்கிறதே என்று குழம்பினார். அவருக்கு விளக்கம் சொல்ல எனக்கு அரைமணி நேரம் ஆனது.

அந்தத் தந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு படா பஜார் முழுக்க ஓடினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. நாலைந்து நாள் கழித்துத் தபாலில் வந்த ரிஜிஸ்டர் நகலைப் பெரிய சேட் ஒவ்வொரு முத்திரையாக எண்ணிப் பார்த்தார், எண்பத்து நாலு. பிறகு ஆளை அனுப்பி மாலை வாங்கிவரச் சொன்னார். யாருக்குப் போடுவது என்று எல்லோரும் பார்த்தார்கள். என் கழுத்தில் போட்டுவிட்டார். நான் மிதிக்கவில்லை சேட்ஜி, பொய்தான் சொன்னேன் என்றேன். "பிறகு உண்மையைச் சொன்னாயே, அதுவும் ரொம்ப தூரம்தான்" என்றார். அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன் அம்மணி.

ஐந்து வண்டிக்கும் டிராப்ட் இத்துடன் வருகிறது. யாரும் நாலணா குறைக்கவில்லை. கம்பளிச் சட்டையை நீயே வைத்துக்கொள்ளச் சொன்னார். தீபாவளிக்கு நாங்கள் இருவரும் ஊருக்கு வருகிறோம், ரயிலில்தான்.

அன்பு அண்ணன்,
மயில்சாமி


பெருமாநல்லூர்
8.7.1994

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

இங்கே எல்லோரும் சுகம், நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். தீபாவளிக்கு வருகிற செய்தியை உங்கள் மாப்பிள்ளை விசிலடித்தே தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

அந்தக் கடைசி நாளை இன்னும் எழுதவில்லையே. இரண்டாயிரத்து நூறாவது கிலோமீட்டர் கம்பெனியில் முடியவில்லை, அதற்கு இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே, பூலுவபட்டியில் ஒரு மாட்டுத்தீவனக் கடை வாசலில் முடிந்தது. முத்துப்பேச்சி கணக்கில் அதுதான் கல்கத்தா. கம்பெனியே அங்கே வந்து நின்றது. தீவனக் கடைக்காரர் பயந்துபோய்ப் பாதிக் கதவைச் சாத்திவிட்டார். நான் இறங்கியதும் முத்துப்பேச்சியை அவள் அப்பா தூக்கிக்கொண்டு வந்தார். அவள் என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தது அன்றோடு இரண்டாவது தடவை.

போன வாரம் திங்கட்கிழமை வண்டிகள் வந்தன. பதினேழும். அவளுடையது பச்சை நிறம். மூன்று நாள் கம்பெனி முற்றத்திலேயே சுற்றிப் பழகினாள். வியாழக்கிழமை காலையில் வீட்டிலிருந்து தனியாகவே வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவள் வீட்டிலிருந்து கம்பெனி ஒன்றரைக் கிலோமீட்டர். சீனிச்சாமி முன்னாலேயே வந்து கேட்டில் நின்றுகொண்டார். அயர்ன் பெட்டியைச் சூடு வைக்கவில்லை. மணி அடித்தது. கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. அவருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகலாம் என்று திரும்பினேன்.

அப்போது வந்தாள். நிதானமாக, கையால் சுற்றிக்கொண்டு, மடியில் ஒரு கொய்யாப்பழத்தோடு வந்தாள். முக்கால் மணி நேரம் தாமதம். சூப்பர்வைசர் வெளியே வந்து, வண்டி ஏதும் ரிப்பேரா, யாராவது இடித்துவிட்டார்களா என்று பதறினார். அவள் சொன்னாள், "ஒண்ணுமில்ல சார். வழியில நின்னு நின்னு வந்தேன். ஒரு எடத்துல ஆட்டுக்குட்டி மேஞ்சுச்சு, பாத்தேன். வளையல் கடையில நின்னேன். கொய்யாப்பழம் வாங்கினேன். இத்தன வருசமா அப்பா கொண்டாந்தாரு, நான் வந்தேன். எனக்கு நிக்கணும்னு தோணின எடத்துல ஒரு நாளும் நின்னதில்ல சார்."

தாமதத்துக்குக் கூலி பிடிக்க வேண்டுமே என்று சூப்பர்வைசர் தயங்கினார். பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். சீனிச்சாமி இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் சிறிது நேரம் அங்கேயே நின்றார். பிறகு சிரித்துவிட்டு வேலைக்குப் போனார்.

நேற்றும் தாமதமாகத்தான் வந்தாள்.

அண்ணிக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
மாரக்காள்